கூட்டுப் பேரத்தில் உறுப்பினருக்கு என்ன இடம்? டர்பன் தொழிலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனின் தென்பகுதியில், மொபேனி தொழிற்பேட்டையில் உணவுப் பொருள்களைப் பொதியும் ஒரு தொழிற்சாலையில் நான் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவற்றில் 14 ஆண்டுகள் என்னுடன் வேலை செய்தவர்கள் என்னை ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது பணியிடத்துச் சங்கப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற பிறகும் சாட்ஸ்வொர்த், மெரிபேங்க், பீனிக்ஸ் பகுதிகளில் கோயில் மண்டபத்திலோ கல்யாண வீட்டிலோ என்னைக் காண்பவர்கள் சம்பளப் பேச்சைப் பற்றியே கேட்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்துவிட்டாலும், தமிழ் படிக்கத் தெரிந்த மூத்தவர்களும், தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வேலைக்கு வந்து இந்நாட்டுச் சட்டம் புரியாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: சம்பளத்தைப் பற்றிப் பேசுவது சங்கத்தின் வேலை. மாதாமாதம் சந்தா கட்டும் நான் அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

ஒரு முதலாளியும், அவரிடம் வேலை செய்பவர்களின் சார்பில் சங்கமும் உட்கார்ந்து சம்பளம், வேலை நேரம், விடுப்பு, பாதுகாப்பு ஆகியவற்றைப் பேசி முடித்து எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்வதைக் கூட்டுப் பேரம் என்கிறோம். மேசையில் ஐந்தாறு பேர்தான் உட்கார முடியும் என்பதால் பேரம் அந்த ஐந்தாறு பேருடைய வேலை என்ற எண்ணம் எளிதாக வந்துவிடுகிறது. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் மேலாளர் அவர்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. உள்ளே இயந்திரங்களின் முன் நிற்கும் முந்நூறு பேருக்குக் கோரிக்கை என்னவென்று தெரியுமா, கேட்டால் ஒரே பதிலைச் சொல்வார்களா, தேவைப்பட்டால் சேர்ந்து நிற்பார்களா என்பதை மேற்பார்வையாளர்கள் வழியாக அவர் நாள்தோறும் அறிந்துகொண்டே இருக்கிறார். "இந்தக் கோரிக்கை கமிட்டியுடையது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று நான்கு பேர் சொன்னால் போதும், மறுநாள் மேசையில் அவருடைய குரலே மாறியிருக்கும். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே சந்தா கட்டுவதோடு, கோரிக்கையை உருவாக்கும் கூட்டத்துக்கு வருவதும், பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும், முடிவில் வாக்களிப்பதும் உங்கள் வேலைதான்.

கேள்வி: முதலாளி எங்களோடு பேசியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது அல்லவா?

பலர் அப்படித்தான் நம்புகிறார்கள்; அந்த நம்பிக்கையால் ஏமாந்தும் போகிறார்கள். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு, சங்கம் அமைக்கவும் வேலைநிறுத்தம் செய்யவும் தொழிலாளருக்கும், கூட்டுப் பேரத்தில் ஈடுபடச் சங்கங்களுக்கும் முதலாளிகளுக்கும் உரிமை தருகிறது. ஆனால் 1995-ஆம் ஆண்டின் 66-ஆம் எண் தொழிலாளர் உறவுச் சட்டம், முதலாளி பேரம் பேசியே தீர வேண்டும் என்ற கடமையை அவர்மேல் சுமத்தவில்லை. அதற்குப் பதிலாகச் சங்கம் பணியிடத்துக்குள் நுழையவும், சந்தாவைச் சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்து பெறவும், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கவும், தகவல் கேட்கவும், நடைமுறைகளை முடித்த பின் வேலையை நிறுத்தவும் உரிமைகளைக் கொடுத்து, இவற்றைக் கொண்டு முதலாளியை மேசைக்கு அழைத்து வருவது உங்கள் திறமை என்று விட்டுவிடுகிறது. முதலாளி பேசவே மறுத்தால், அந்தத் தகராறை சி.சி.எம்.ஏ. எனப்படும் சமரச, மத்தியஸ்த, நடுவர் ஆணையத்துக்குக் கொண்டுபோய் ஓர் ஆலோசனைத் தீர்ப்பைப் பெறலாம். அந்தத் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தாது. அது கிடைத்த பிறகே வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுக்க முடியும் என்பதே அதன் பயன். சட்டம் இப்படி அமைந்திருப்பதால், உறுப்பினர்கள் ஒதுங்கி நிற்கும் சங்கத்தின் கையில் காகிதத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

கேள்வி: கூட்டங்களில் மேண்டேட், மேண்டேட் என்று சொல்கிறார்களே, அது என்ன?

"இதைக் கேளுங்கள், இதற்குக் கீழே இறங்காதீர்கள், இதை எங்களைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்" என்று உறுப்பினர்கள் தம் பிரதிநிதிகளுக்குக் கொடுக்கும் கட்டளையே மேண்டேட். பேசிவிட்டுத் திரும்பி வந்து நடந்ததைச் சொல்வது ரிப்போர்ட் பேக். இந்த இரண்டு சொற்களும் இந்நாட்டுச் சங்கங்களில் வெறும் வழக்கமாக வந்தவை அல்ல. 1970-களிலும் 80-களிலும் கறுப்பினத் தொழிலாளர்களின் சங்கங்கள் வளர்ந்தபோது, சங்கத்தைத் தொழிலாளரே நடத்த வேண்டும், தலைவர் நினைத்ததைத் தலைவரே முடிவு செய்துவிடக்கூடாது என்ற கொள்கையாக அவை நிலைபெற்றன. அந்தச் சங்கங்களில் பல ஒன்றுசேர்ந்து 1985 டிசம்பர் 1 அன்று இதே டர்பனில் கோசாட்டு எனப்படும் தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பைத் தொடங்கியபோது, அதன் முதல் பொதுச் செயலாளராக டர்பனில் பிறந்த ஜே நாயுடு தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கேள்வி: கோரிக்கைகளை எப்படித் திரட்டுவது? கூட்டத்தில் கேட்டால் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள்.

பெரிய கூட்டத்தில் எழுந்து பேசப் பலருக்குக் கூச்சம். அதனால் பேச்சு தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே, ஒவ்வொரு பிரிவிலும் ஏழெட்டுப் பேராக உணவு இடைவேளையில் உட்கார்ந்து, "போன வருடம் முதல் உங்களுக்கு எது மிகவும் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்பதை நாங்கள் வழக்கமாக்கினோம். "என்ன கோரிக்கை?" என்று கேட்டால் எல்லோரும் ஒரு சதவீதக் கணக்கைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். கஷ்டத்தைக் கேட்டால்தான் இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் டாக்ஸி கிடைக்காமல் தெருவில் நிற்பது, குளிர்பதன அறைக்குக் கொடுக்கும் கையுறை ஒரு வாரத்தில் கிழிந்துபோவது போன்றவை வெளியே வரும்.

ஒரு வருடம் இப்படிக் கேட்டுக்கொண்டு போனபோது தெரியவந்த ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். இந்நாட்டில் தீபாவளி பொது விடுமுறை அல்ல. எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த தமிழ்ப் பெண்கள் அனைவரும் அந்த ஒரு நாளைக் கேட்டார்கள். அதே வாரத்தில் ஸூலு மொழி பேசும் பெண்கள் சாவு வீட்டுக்குப் போக விடுப்புக் கேட்டார்கள். அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் தரும் குடும்பப் பொறுப்பு விடுப்பு வருடத்துக்கு 3 நாள். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தோர் இறந்தால் அதை எடுக்கலாம். பெரியம்மா, சித்தப்பா, மாமியார் இறந்தால் அந்த விடுப்பில் இடமில்லை. எங்கள் பெண்கள் முதலில் இதை வேறு யாருடைய கோரிக்கையாகவோதான் பார்த்தார்கள். பிறகு ஒரு மூத்த ஸூலு அம்மா, தாயின் அக்காளைத் தங்கள் மொழியில் "மம்குலு" என்று அழைப்பதாகவும், அதற்குப் பெரிய அம்மா என்றே பொருள் என்றும் சொன்னார். அப்போது எங்கள் மேசையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. தன்னை வளர்த்த பெரியம்மாவின் சாவுக்குச் சம்பள வெட்டோடு போய் வந்தவர் எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் இருந்தார்கள். அந்த வருடம் இரு கோரிக்கைகளும் எல்லோருடைய கோரிக்கைகளாகப் பேச்சு மேசைக்குப் போயின. தீபாவளி விடுப்பைப் பற்றிப் பேசும் பொறுப்பை ஸூலு பேசும் பிரதிநிதி ஒருவரும், சாவு விடுப்பைப் பற்றிப் பேசும் பொறுப்பை நானும் ஏற்றுக்கொண்டோம். மேலாளர் அதை எதிர்பார்க்கவில்லை. இரண்டும் முழுதாகக் கிடைக்கவில்லை என்றாலும், இரண்டிலும் சட்டம் தருவதைவிட மேலான ஒன்றோடுதான் எழுந்து வந்தோம்.

கேள்வி: எங்கள் பணியிடத்தில் நாங்கள் சிறுபான்மை. எங்கள் ஆட்கள் தனியாகக் கூடி எங்கள் கோரிக்கையைத் தனியாகக் கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்வி எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது, ஏனெனில் இதற்கு இந்த ஊரின் வரலாறே பதில் சொல்லியிருக்கிறது. 1924-ஆம் ஆண்டின் தொழில் சமரசச் சட்டம், பாஸ் எனப்படும் நடமாட்ட அனுமதிச் சீட்டைச் சுமக்க வேண்டியிருந்த ஆப்பிரிக்க ஆண்களைத் தொழிலாளர் என்ற சொல்லின் வரையறையிலிருந்தே விலக்கியது. இந்தியத் தொழிலாளர்கள் பதிவுபெற்ற சங்கங்களில் சேர முடிந்தது. அதே இயந்திரத்தின் மறுபக்கம் நின்றவருக்கு அந்த உரிமை இல்லை. 1956-இல் வந்த சட்டம் இனங்கள் கலந்த புதிய சங்கங்களைப் பதிவு செய்வதையே தடை செய்தது. ஒரு பகுதியினருக்கு மட்டும் பேரம் பேசும் இடம் கிடைத்தபோது, மற்றவர்களின் குறைந்த கூலியைக் காட்டியே அந்தப் பகுதியினரின் கூலியையும் முதலாளிகளால் அமுக்கி வைக்க முடிந்தது.

1973 ஜனவரி 9 அன்று டர்பனில் உள்ள கொரோனேஷன் செங்கல், ஓட்டுத் தொழிற்சாலையில் வாரக் கூலி 9 ராண்டுக்கும் குறைவாக இருந்த தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி விளையாட்டு மைதானத்தில் கூடினார்கள். உங்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், பேசலாம் என்று நிர்வாகம் கேட்டபோது அவர்கள் மறுத்துவிட்டார்கள். அனுப்பப்படுகிறவர்கள் பழிவாங்கப்படுவார்கள் என்ற அச்சமே காரணம். அங்கிருந்து பரவிய வேலைநிறுத்தங்களில் மார்ச் மாதத்துக்குள் 60,000-க்கும் மேற்பட்டோர் பங்குகொண்டார்கள். நெசவாலைகளிலும் நகராட்சியிலும் இந்தியத் தொழிலாளர்களும் அவர்களோடு நின்றார்கள். இன்று பிரதிநிதிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் தனியாக நிற்கும் குழுவை முதலாளி எப்படி நடத்துவார் என்பது மாறவில்லை. தனியாகக் கூடிப் பேசுங்கள், தவறில்லை. அங்கே பேசியதைப் பொதுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

மொழியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூட்டம் ஆங்கிலத்தில் மட்டும் நடந்தால் பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் கூட்டங்களில் ஒவ்வொரு தீர்மானமும் ஸூலுவிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கப்பட்டது; தமிழ் மட்டுமே நன்றாகத் தெரிந்த மூத்தவர்கள் இருந்த மேசைக்கு நான் போய்த் தமிழில் சொன்னேன். அதனால் கூட்டம் இருபது நிமிடம் நீண்டது, ஆனால் பின்னால் "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்ற பேச்சு எழவில்லை.

கேள்வி: பேசப் போகும் குழுவில் யார் இருக்க வேண்டும்?

பெரும்பான்மைச் சங்கம் உள்ள பணியிடத்தில் எத்தனை ஷாப் ஸ்டூவர்டுகள் என்பதைச் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது: 10 உறுப்பினர் இருந்தால் ஒருவர், 10-க்கு மேல் இருந்தால் இருவர், 50-க்கு மேல் போனால் அடுத்த ஒவ்வொரு 50 பேருக்கும் இன்னும் ஒருவராக ஏழு பேர் வரை, அதற்கு மேலான எண்ணிக்கைகளுக்கும் அட்டவணை உண்டு. இவர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். சங்க அலுவலகத்திலிருந்து வரும் அமைப்பாளர் சட்டம் தெரிந்தவராகவும் பேசிப் பழகியவராகவும் இருப்பார். அவர் குழுவில் இருப்பது நல்லது. ஆனால் அவர் மட்டும் பேசினால், இரண்டாம் நம்பர் வரிசையின் வேகத்தைக் கூட்டியதால் எத்தனை பேருக்கு மணிக்கட்டு வீங்கியது என்று மேலாளர் கேட்கும்போது பதில் இருக்காது. இரவுப் பணியிலிருந்து ஒருவர், பெண்கள் அதிகமுள்ள பிரிவிலிருந்து ஒருவர், லேபர் புரோக்கர், அதாவது கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் இடைத்தரகர் வழியாக வந்தவர்களின் நிலைமை தெரிந்த ஒருவர் என்று பார்த்துப் போடுங்கள். லேபர் புரோக்கர் அனுப்பியவர்களை வெளியாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சட்டம் குறிக்கும் வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் மூன்று மாதங்களுக்கு மேல் ஓரிடத்தில் வேலை செய்தால், தற்காலிகமாக வேறொருவரின் இடத்தில் நிற்பவர்கள் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த இடத்து முதலாளியின் தொழிலாளராகவே தொழிலாளர் உறவுச் சட்டம் அவர்களைக் கருதுகிறது. 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

கேள்வி: கூட்டம் போட நேரமும் இடமும் இல்லை. வேலை முடிந்ததும் எல்லோரும் டாக்ஸிக்கு ஓடுகிறார்கள்.

சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, போதிய உறுப்பினர்களைக் கொண்ட சங்கம் வேலை நேரத்துக்கு வெளியே முதலாளியின் வளாகத்திலேயே கூட்டம் நடத்தலாம். சங்கத் தேர்தலுக்கும் வாக்கெடுப்புக்கும் அங்கேயே வாக்களிக்கலாம். பாதுகாப்புக்காகவும் வேலை தடைப்படாமல் இருப்பதற்காகவும் நேரம், இடம் குறித்து நியாயமான நிபந்தனைகளை முதலாளி வைக்கலாம். அனுமதியே இல்லை என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு இடைவேளையில் 25 நிமிடக் கூட்டம், ஒரே விஷயம், முடிவு எழுதிக்கொண்டு கலைவது என்பதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது. இரவுப் பணியாளருக்கு அதே கூட்டத்தை அவர்கள் வரும் நேரத்தில் மீண்டும் நடத்துங்கள். வாட்ஸ்அப் குழு கூட்ட நேரத்தை அறிவிக்க நல்ல கருவி. கோரிக்கையின் கடைசி எல்லையை அதில் எழுதாதீர்கள், ஒரே மணி நேரத்தில் அது மேலாளரின் கைப்பேசிக்குப் போய்விடும்.

கேள்வி: சதவீதமாகக் கேட்பதா, ராண்டுத் தொகையாகக் கேட்பதா?

இதை உறுப்பினர்களிடம் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும் என்று விடுவது நல்லது. மாதம் 6,000 ராண்டு வாங்குபவருக்கு 6 சதவீதம் என்றால் 360 ராண்டு. 18,000 ராண்டு வாங்குபவருக்கு 1,080 ராண்டு. டாக்ஸிக் கட்டணமும் மாவு மூட்டையின் விலையும் இருவருக்கும் ஒன்றே. எல்லோருக்கும் ஒரே தொகை என்று கேட்டால் அடித்தட்டில் இருப்பவருக்கு நன்மை, திறன்பெற்ற மூத்தவர்களுக்கு மனக்குறை. நான் எப்போதும் ஒரே தொகையின் பக்கமே பேசினேன். ஆனால் இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள் கசந்துபோய்ச் சங்கத்தை விட்டு விலகினால் எல்லோருக்கும் நட்டம் என்பதால், இன்ன தொகை அல்லது இன்ன சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது என்ற வடிவில் கேட்டு இரு தரப்பையும் சேர்த்து வைத்த வருடங்களும் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: தேசியக் குறைந்தபட்சக் கூலி 2019-இல் மணிக்கு 20 ராண்டாகத் தொடங்கி 2025 மார்ச்சில் 28.79 ராண்டானது. சட்டம் எப்படியும் கொடுக்கும் உயர்வை முதலாளி தன் சலுகையாக மேசையில் வைத்தால் அதை உடனே சுட்டிக்காட்டுங்கள்.

கேள்வி: "கம்பெனியில் பணமில்லை" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பெரும்பான்மைச் சங்கம், பேரத்துக்குத் தொடர்புடைய தகவலைத் தரும்படி 16-ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம். முதலாளி மறுத்தால் அதையே ஒரு தகராறாக சி.சி.எம்.ஏ.-வுக்குக் கொண்டுபோகலாம். வெளியானால் பெரிய கேடு விளைவிக்கக்கூடிய ரகசியத் தகவலையும், ஒரு தொழிலாளரின் சொந்த விவரங்களை அவர் சம்மதமின்றியும் தர வேண்டியதில்லை. பணமில்லை என்று முதலாளியே சொன்ன பிறகு கணக்கைக் கேட்பது நியாயமான கேள்வி என்பதால், அந்தச் சொல் வாயிலிருந்து வந்த நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

இங்கும் உறுப்பினர்களே பெரிய துணை. ஒரு நாளைக்கு எத்தனை லாரி வெளியே போகிறது என்பது சரக்கு ஏற்றும் பகுதியில் நிற்பவருக்குத் தெரியும். மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடக்கிறது என்பது அந்த வேலையைச் செய்பவருக்குத் தெரியும். மந்தம் என்று நிர்வாகம் சொன்ன ஒரு பருவத்தில், கூடுதல் நேரம் வேலை செய்ததை ஒவ்வொருவரும் தம் சம்பளச் சீட்டிலிருந்து எடுத்துச் சொன்னார்கள். அதைக் கூட்டி ஒரு தாளில் எழுதி வைத்ததும் அந்த வாதம் திரும்ப வரவில்லை. கம்பெனி ஆவணங்களை யாரும் நகலெடுக்கவோ படம் பிடிக்கவோ வேண்டாம். அது வேலையைப் பறித்துவிடும். கண்ணால் கண்டதும் சொந்தச் சம்பளச் சீட்டில் உள்ளதுமே போதும்.

கேள்வி: பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் உறுப்பினர்களிடம் சொல்ல வேண்டுமா? கடைசிச் சலுகையை ஏற்பது யார்?

இதற்கு நான் செய்த தவறையே பதிலாகச் சொல்கிறேன். ஷாப் ஸ்டூவர்டாக என் இரண்டாவது வருடத்தில், பேச்சு முடியும்வரை வெளியே ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று நிர்வாகம் கேட்டுக்கொண்டது, நாங்களும் ஒப்புக்கொண்டோம். மூன்று வாரம் நான் வாய் திறக்கவில்லை. கமிட்டிக்குத் தனியாக ஏதோ கொடுத்துவிட்டார்கள் என்ற வதந்தி அதற்குள் எழுந்துவிட்டது. கடைசியில் வந்த சலுகை எங்கள் கண்ணுக்கு நன்றாகவே இருந்தது: நாங்கள் கேட்டதற்கு நெருக்கமான உயர்வு, அதற்குப் பதிலாக டிசம்பரில் மொத்தமாகத் தரும் போனஸைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதச் சம்பளத்தோடு கொடுப்பார்கள். பணம் குறையவில்லை என்பதால் நான் மேலாளரிடம் சரி என்று தலையாட்டிவிட்டேன். அதைக் கூட்டத்தில் சொன்னதும் பெண்கள் கொதித்து எழுந்தார்கள். இந்நாட்டில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. கட்டணம், சீருடை, காலணி, புத்தகம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தொகைதான். மாதாமாதம் சிறிதாக வருவது சாப்பாட்டிலும் கடனிலும் கரைந்துவிடும், ஜனவரியில் வட்டிக்காரனிடம் நிற்க வேண்டும் என்று ஒருவர் அழுதுகொண்டே சொன்னார். அவர் சொன்னது முழு உண்மை. நான் திரும்பிப் போய் என் சொல்லை மாற்ற வேண்டியதாயிற்று. மேலாளர் என் பேச்சை நம்புவதை நிறுத்தினார், உறுப்பினர்கள் பல மாதங்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு தொடங்கும் நாளிலேயே, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் உறுப்பினர்களிடம் நிலவரம் சொல்வோம் என்பதை இரு தரப்பும் கையெழுத்திடும் விதிமுறைகளில் எழுதி வைத்தோம். எந்தப் புள்ளியில் நாம் இறங்கக்கூடும் என்பதையும், ரகசியம் என்று நிபந்தனையோடு தரப்பட்ட கணக்குகளையும் வெளியே சொல்வதில்லை. முதலாளி என்ன கொடுக்க முன்வந்தார், நாம் என்ன கேட்டோம், எதில் முட்டி நிற்கிறது என்பவற்றை மறைக்கக்கூடாது. கடைசிச் சலுகைக்கு "உறுப்பினர்களிடம் கொண்டுபோகிறோம்" என்பதைத் தவிர வேறு பதில் குழுவிடம் இருக்கக்கூடாது. ஏற்கலாம் என்பது குழுவின் கருத்தானால் அதையும் காரணத்தோடு சொல்லிவிட்டு, வாக்கெடுங்கள். எண்ணிக்கையை அன்றே அறிவியுங்கள்.

கேள்வி: வேலைநிறுத்தம் வந்தால் எங்கள் வாக்குக்கு மதிப்பு உண்டா?

உண்டு. வேலைநிறுத்தத்துக்கு அழைக்கப்போகும் உறுப்பினர்களிடம் முன்கூட்டியே வாக்கெடுக்க வேண்டும் என்பது ஒவ்வொரு பதிவுபெற்ற சங்கத்தின் விதிகளிலும் இருக்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த வாக்கு ரகசியமாகவும் பதிவு செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வாக்கெடுப்பே நடக்காமலோ, பெரும்பான்மை இல்லாமலோ அழைத்தால், கலந்துகொள்ளாத உறுப்பினர்மேல் சங்கம் நடவடிக்கை எடுக்க முடியாது. தகராறை சி.சி.எம்.ஏ.-வுக்கோ, ஒரு துறை முழுமைக்கும் சங்கங்களும் முதலாளிகளும் கூடிப் பேரம் பேசும் மன்றத்துக்கோ அனுப்பி, சமரசம் ஆகவில்லை என்ற சான்றிதழ் வந்த பின்னரோ 30 நாள் கழிந்த பின்னரோ, எழுத்தில் 48 மணி நேர முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அரசு முதலாளியானால் 7 நாள். இப்படி நடந்த வேலைநிறுத்தத்தில் பங்குகொண்டதற்காக வேலைநீக்கம் செய்ய முடியாது. ஆனால் அந்த நாள்களுக்குச் சம்பளம் கிடையாது. வாக்கெடுக்கும் முன் இதை ஒவ்வொரு வீட்டிலும் பேசிவிட வேண்டும். மருத்துவமனை போன்ற அத்தியாவசியச் சேவையில் இருப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அவர்களுடைய தகராறு நடுவர் தீர்ப்புக்குப் போகும்.

கேள்வி: சந்தா கட்டாதவரும் அதே உயர்வை வாங்கிக்கொண்டு போகிறாரே?

பெரும்பான்மைச் சங்கம் முதலாளியோடு ஏஜென்சி ஷாப் ஒப்பந்தம் செய்துகொண்டால், உறுப்பினர் அல்லாதவரின் சம்பளத்திலிருந்தும் ஒரு கட்டணம் பிடிக்கப்படும். அது சந்தாவைவிட அதிகமாக இருக்கக்கூடாது, தனிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும், எந்த அரசியல் கட்சிக்கும் அதிலிருந்து கொடுக்கக்கூடாது. ஆனாலும் கோரிக்கை கேட்கும்போது அவரையும் உட்காரவைத்துக் கேட்டால், அவரே படிவம் வாங்கிக் கையெழுத்துப் போடுவதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். சம்பளம் தேசிய அளவில் பேரம் பேசும் மன்றத்தில் முடிவாகிறது. அங்கே எங்கள் குரல் எப்படிப் போகும்?

கடினம்தான். ஆடை உற்பத்திக்குத் தேசிய மன்றம் இருக்கிறது. அங்கே ஏற்படும் ஒப்பந்தத்தை, சட்டம் கூறும் நிபந்தனைகள் நிறைவேறினால், மன்றத்தில் சேராத முதலாளிகளுக்கும் அமைச்சர் விரிவாக்க முடியும். தொழிற்சாலைக் கூட்டத்தின் தீர்மானம் வட்டாரக் கூட்டத்துக்கும், அங்கிருந்து மாகாணத்துக்கும், பின்னர் தேசியக் குழுவுக்கும் ஏறிப் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் அது தேய்ந்துபோக இடமுண்டு. அதனால் தீர்மானத்தை எழுத்தில் கொடுத்து, அது அடுத்த படியில் வாசிக்கப்பட்டதா என்று உங்கள் ஷாப் ஸ்டூவர்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வாசிக்கப்படவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு என்ன செய்ய வேண்டும்?

ஒப்பந்தத்தின் நகலை அறிவிப்புப் பலகையில் ஸூலுவிலும் ஆங்கிலத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். புதிய சம்பளம் வரும் முதல் மாதத்தில், ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து பேருடைய சம்பளச் சீட்டை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதல் நேரக் கணக்கில்தான் பிழை பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அடுத்த வருடப் பேச்சுக்கான நோட்டுப் புத்தகத்தையும் அன்றே தொடங்கி, இந்த முறை கிடைக்காமல் போனவற்றை அதன் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.